பத்தொன்பதாம் அட்டவணை

சென்ற மாதம் ஒரு முற்பகலில், முன்பு என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கடலோர ஊர் ஒன்றில், மீன் இறங்குதளத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு ஐஸ் கிடங்கு கட்டிக்கொண்டிருக்கிறார். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்துவிடும் என்று உரிமையாளர் கண்ணாடி இழைக் கம்பி, அதாவது கண்ணாடி இழைகளைப் பிசினில் இறுக்கிச் செய்த கம்பி, போடச் சொல்லிவிட்டார். விற்பவர்களும் கம்பிக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். "பதினாறு மில்லிக்குப் பதிலா பன்னிரண்டு போட்டா போதும்னு சொல்றாங்க மேடம். வலிமை இரும்பைவிட ஒண்ணரை மடங்குக்கு மேல இருக்கு, டெஸ்ட் சர்ட்டிபிகேட்டும் காட்டுறாங்க. வளையறதுக்குக் கணக்குப் போட்டுட்டேன், சரியா வருது. ஷியருக்கு மட்டும் நீங்க ஒருதடவை பாத்துச் சொல்லுங்க" என்றார். பீமின் ஒரு பகுதியை அடுத்த பகுதியிலிருந்து வழுக்கி அறுக்கப் பார்க்கும் விசைதான் ஷியர். கணக்கை அனுப்பச் சொன்னேன். மாலைக்குள் இரண்டு பக்கங்கள் வந்தன.

சுத்தமான கையெழுத்தில், ஒவ்வொரு படியும் தெளிவாக எழுதப்பட்ட கணக்கு அது. பீமின் அகலம் 230 மி.மீ., உயரம் 380 மி.மீ., எம்30 தரக் கான்கிரீட், கம்பியின் மையம் வரையிலான ஆழம் 320 மி.மீ. முதலில் வரைந்த வரைபடத்தில் அடியில் 16 மி.மீ. இரும்புக் கம்பி மூன்று. இப்போது அந்த இடத்தில் 12 மி.மீ. கண்ணாடி இழைக் கம்பி மூன்று. கம்பியின் பரப்பை, பீமின் அகலத்தையும் அந்த ஆழத்தையும் பெருக்கி வரும் பரப்பால் வகுத்து 0.46 சதவீதம் என்று எழுதியிருந்தார். பிறகு கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456 இன் பத்தொன்பதாம் அட்டவணையைத் திறந்து, எம்30 பத்தியில் அந்தச் சதவீதத்துக்கு நேராக உள்ள ஷியர் வலிமையை எடுத்து, சதுர மில்லிமீட்டருக்கு 0.48 நியூட்டன் என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். இரும்புக்குக் கிடைத்திருந்த 0.61 ஐவிட அது குறைவு என்பதைக் கவனித்து, அந்தக் குறையை ஈடுகட்ட, நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளைச் சற்று நெருக்கியும் இருந்தார். பொறுப்போடு செய்த வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த 0.48 ஐப் பார்த்ததும், பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் கையாலேயே எழுதிய 0.67 என்ற எண் கண்முன் வந்து நின்றது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

வெள்ளையடித்த பீம்

எம்.இ. கடைசி ஆண்டில் நான் எடுத்த ஆய்வுத் தலைப்பு, இழைக் கம்பி போட்ட பீம்களின் ஷியர் வலிமை. அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நான் வளர்ந்த வீடு. கடலலை காதில் விழும் தூரத்தில் இருந்த அந்த வீட்டில், கட்டிப் பதினைந்து ஆண்டுகள் ஆவதற்குள் சன்ஷேடின் அடிப்பக்கம் உப்பி, ஒரு மழைக்காலத்தில் தட்டு தட்டாகப் பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்தில் தெரிந்த கம்பியை அப்பா விரலால் அழுத்தினார். அது செதில் செதிலாக உதிர்ந்தது. இரும்பு துருவாக மாறும்போது தன் பருமனைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கிறது. அந்த இடத்தைக் கான்கிரீட்டைப் பிளந்துதான் எடுத்துக்கொள்கிறது. கொத்தனார்மேல் அப்பாவுக்கு இருந்த கோபம் கடைசிவரை தணியவில்லை. துருவே பிடிக்காத கம்பி ஒன்று இருக்கிறது, எடையும் இரும்பில் நான்கில் ஒரு பங்குதான் என்று வகுப்பில் கேட்ட நாளிலேயே என் தலைப்பு முடிவாகிவிட்டது.

150 மி.மீ. அகலமும் 250 மி.மீ. உயரமும் இரண்டு மீட்டர் நீளமும் கொண்ட பீம்களை வார்த்தோம். அடியில் 12 மி.மீ. கம்பி மூன்று. ஒரே நாளில், ஒரே கலவையில், சில பீம்களுக்கு இரும்பும் சிலவற்றுக்குக் கண்ணாடி இழைக் கம்பியும் வைத்தோம். கான்கிரீட் மட்டும் எவ்வளவு ஷியரைத் தாங்கும் என்று பார்ப்பதற்காக, நடுவிலும் தாங்கிகளின் பக்கத்திலும் ரிங் வைக்காமல் விட்டோம். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய பிறகு எடுத்துக் காயவைத்து, விரிசல் பளிச்சென்று தெரிவதற்காக வெள்ளையடித்து, ஐந்து செ.மீ. கட்டங்களாகப் பென்சிலில் கோடு போட்டோம். அட்டவணைப்படி கம்பி 1.05 சதவீதம், எம்30 க்கு 0.67. பாதுகாப்புக் காரணியை நீக்கிவிட்டு, பீம் எந்தச் சுமையில் உடையும் என்று கணித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். முதல் நாள் சோதித்த இரும்புக் கம்பி பீம்கள் ஏறத்தாழ அந்தச் சுமையில்தான் உடைந்தன.

மறுநாள் இழைக் கம்பி பீமை ஏற்றினோம். ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்த்த அண்ணன்தான் ஜாக்கை இயக்கினார். நான் ஸ்கெட்ச் பேனாவோடு பீமின் பக்கத்தில் குனிந்து நின்றேன். முதல் விரிசல் நடுப்பகுதியில், கீழிருந்து நேர்செங்குத்தாக வந்தது. இரும்பு பீமில் அந்த விரிசல் மெல்ல மெல்ல, சுமை ஏற ஏற ஒவ்வொரு கட்டமாகத்தான் மேலே போயிருந்தது. இங்கே தோன்றிய வேகத்திலேயே பீமின் உயரத்தில் முக்கால் பங்கை ஏறிவிட்டது. கீழே அதன் வாய் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் திறந்திருந்தது. அண்ணன் நிறுத்தி, "இது வேற மாதிரி போகுதும்மா, நீங்க தள்ளி நில்லுங்க" என்றார். நான் இரண்டடி பின்னால் போனேன். அடுத்த சில கிலோநியூட்டன்களில், தாங்கிக்கும் சுமைப்புள்ளிக்கும் நடுவே சாய்வாக ஒரு கோடு தெரிந்தது. அதை வரைந்து குறிக்கப் பேனாவின் மூடியைத் திறப்பதற்குள் பீம் பெருஞ்சத்தத்தோடு இரண்டாகப் பிளந்து இறங்கியது. டயல் கேஜ் தெறித்துப் போய் விழுந்தது. சுவரில் ஒட்டியிருந்த சுமையில் முக்கால் பங்கைக்கூட அது எட்டவில்லை. அடுத்த பீமும் அப்படியே போயிற்று.

உடைந்த பீமைத் தரையில் போட்டு, சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டி எடுத்தோம். மூன்று கம்பிகளும் புதிதாக வாங்கியவைபோல, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பீம் உடைந்த நொடியில் கம்பிகளில் இருந்த இழுப்பு அவற்றின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குதான். இரும்பைவிட வலிமையான கம்பியைப் போட்டிருந்தோம். அந்த வலிமையில் ஐந்தில் நான்கு பங்கு பயன்படாமலே இருக்க, பீம் இரும்பு பீமுக்கு முன்னதாகவே உடைந்துவிட்டது. இந்த ஒன்று அன்று எனக்கு விளங்கவே இல்லை. கலவையில் தவறு, கம்பி வழுக்கிவிட்டது, தாங்கி சரியாக உட்காரவில்லை என்று ஒவ்வொரு காரணமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

கான்கிரீட்டின் வலிமைக்குக் கம்பி எதற்கு

வழிகாட்டிப் பேராசிரியர் மாலையில் வந்தார். உடைந்த பீமை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் மேசையில் கிடந்த ஐ.எஸ். 456 ஐ எடுத்துப் பத்தொன்பதாம் அட்டவணையைத் திறந்து என்னிடம் நீட்டினார். "தலைப்பை வாசிங்கம்மா" என்றார். கான்கிரீட்டின் வடிவமைப்பு ஷியர் வலிமை என்று வாசித்தேன். "யாரோட வலிமை?" "கான்கிரீட்டோடது சார்." "சரி. கான்கிரீட்டோட வலிமையைச் சொல்ற அட்டவணை, கம்பி எத்தனை சதவீதம்னு எதுக்குக் கேக்குது?" நான் பேசாமல் நின்றேன். ஐந்து ஆண்டுகளாக எத்தனையோ முறை அந்த அட்டவணையைத் திறந்திருக்கிறேன். இடப்பக்கப் பத்தி எதற்காக இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் விடவில்லை. "இன்னொண்ணு பாருங்க. கம்பியோட கிரேடை எங்கேயாவது கேக்குதா? பழைய மைல்ட் ஸ்டீல் போட்டாலும், ஐந்நூறு கிரேடு போட்டாலும் ஒரே எண்ணைத்தானே குடுக்குது? ஒண்ணோட வலிமை இன்னொண்ணைப்போல ரெண்டு மடங்கு. அப்புறம் ஏன் ஒரே எண்?" என்று கேட்டுவிட்டு, நாளைக்குச் சொன்னால் போதும் என்று போய்விட்டார்.

அந்த இரவு விடுதியில் உட்கார்ந்து யோசித்ததுதான் கட்டமைப்புப் பொறியியலில் நான் முதன்முதலாகச் சுயமாக யோசித்தது என்று சொல்வேன். அட்டவணை கிரேடைக் கேட்கவில்லை என்றால், கம்பியின் வலிமை அதற்குத் தேவைப்படவில்லை என்று பொருள். ஆனால் கம்பியின் பரப்பைக் கேட்கிறது. ஆகவே கம்பியிடமிருந்து வேறு ஏதோ ஒன்று அதற்கு வேண்டியிருக்கிறது. எல்லாக் கிரேடு இரும்புக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: யங் குணகம், 200 கிகாபாஸ்கல். இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதைச் சொல்லும் எண் அது. அட்டவணை கேட்பது கம்பி எப்போது அறும் என்பதையல்ல. கம்பி எவ்வளவு விறைப்பாக நின்று விரிசலைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதை. இரும்பு என்ற சொல்லை அது தனியே எழுதவில்லை, ஏனென்றால் அந்த அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் பீம்கள் எல்லாம் இரும்புக் கம்பி போட்டவை. வேறு கம்பி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. கண்ணாடி இழைக் கம்பியின் யங் குணகம் 50 கிகாபாஸ்கல் அளவில்தான் இருக்கிறது, இரும்பில் நான்கில் ஒரு பங்கு. அதே இழுப்புக்கு அது இரும்பைவிட நான்கு மடங்கு நீளும். என் 1.05 சதவீதத்தை நான்கால் வகுத்தேன்: 0.26. அட்டவணையில் அதற்கு நேராக இருந்த எண் 0.38. நான் எழுதியிருந்த 0.67 இல் அது பாதியைச் சற்றே தாண்டுகிறது.

நான்கால் வகுப்பது ஏன் பொருந்துகிறது என்பதை விரிசலுக்கு அருகே போய்ப் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். சாய்வான விரிசல் ஒன்று தோன்றிவிட்ட பீமில், ரிங் இல்லாதபோது, சுமை மூன்று வழிகளில் தாங்கிக்குப் போய்ச்சேர முடியும். விரிசல் எட்டாத மேற்பகுதிக் கான்கிரீட் ஒரு வழி. விரிசலின் இரு முகங்களிலும் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லிகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்வது இரண்டாவது. விரிசலைக் குறுக்கே கடக்கும் கம்பி ஓர் ஆப்பைப்போல நின்று தாங்குவது மூன்றாவது. கம்பியின் விறைப்பு குறைந்தால் மூன்றும் சேர்ந்தே குறைகின்றன. என் பீமில் இரும்பு இருந்தபோது அமுக்கத்தில் இருந்த மேற்பகுதியின் ஆழம் கணக்குப்படி 71 மி.மீ.; இழைக் கம்பி போட்டதும் அது 39 மி.மீ. ஆகிவிட்டது, இரண்டு விரற்கிடை. முதல் விரிசல் அத்தனை வேகமாக மேலே ஏறியது இதனால்தான். விரிசல் அகலமாகத் திறந்துவிட்டதால் ஜல்லி முகங்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆப்பு வேலையோ இழைக் கம்பிக்கு வராது. இழைகள் எல்லாம் நீளவாக்கில் ஓடுகின்றன, குறுக்கே அழுத்தினால் தாங்குவது இடையிலுள்ள பிசின் மட்டுமே. 2003 இல் டுரேயன், ஃபிராஷ் என்ற ஆய்வாளர்கள் இந்த முதல் வழியை மட்டும் நம்பி ஒரு சூத்திரத்தை முன்வைத்தார்கள்: விரிசல் படாத மேற்பகுதியின் ஆழம் எவ்வளவோ அதற்கேற்பத்தான் கான்கிரீட்டின் ஷியர் வலிமை. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 440 ஆம் குழு அதைத் தன் வழிகாட்டியில் எடுத்துக்கொண்டது. சோதனையில் கிடைக்கும் மதிப்பைவிடக் குறைவாகவே அது சொல்கிறது என்ற குறை உண்டு. எனக்கு அந்தக் குறை பிடித்திருக்கிறது, ஏனென்றால் ஷியர் முறிவு எச்சரித்துவிட்டு வருவதில்லை.

இது மிகைப்பேச்சன்று. 1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் விமானப்படைக் கிடங்கு ஒன்றின் கூரை, தன் சொந்த எடையைத் தவிரப் பெரிய சுமை எதுவும் இல்லாத நேரத்தில் ஷியரில் உடைந்து விழுந்தது. அந்த முறிவுக்குப் பிறகுதான் ஷியர் பற்றிய பெருமளவுச் சோதனைகள் தொடங்கின; டொரண்டோ பல்கலைக்கழகத்தில் கானி என்ற ஆய்வாளர் வரிசை வரிசையாக பீம்களை உடைத்து, சுமைப்புள்ளியின் தூரம் பீமின் ஆழத்தைப்போல இரண்டரை மடங்காக இருக்கும் இடத்தில் வலிமை ஒரு பள்ளத்தில் விழுகிறது என்று 1964 இல் காட்டினார். என் பீம்களில் அந்த விகிதம் 2.8, பள்ளத்தின் அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். இவ்வளவு தெரிந்த பிறகும், 2006 செப்டம்பர் 30 அன்று கனடாவின் லவாலில் ஒரு மேம்பாலம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் தடித்த பலகைப் பகுதியில் ஷியருக்கென்று கம்பியே இல்லை. அந்தக் கிடங்கும் மேம்பாலமும் இரும்புக் கம்பி போட்டவை என்பதை நினைத்துக்கொள்கிறேன். இரும்பின் விறைப்பு இருந்தும் நிகழ்ந்தது அது.

ஜல்லி இல்லாத அடுக்கு

ஆய்வின் இரண்டாம் பாதியில் எங்கள் கேள்வி மாறியது. கம்பியை விறைப்பாக்க முடியாது. அதைச் சுற்றியுள்ள பொருளையாவது விரிசல் அகலமாகத் திறக்காதபடி மாற்ற முடியுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விக்டர் லீ தொண்ணூறுகளில் உருவாக்கிய ஒரு சிமெண்டுக் கலவை இருக்கிறது. அதில் ஜல்லி கிடையாது. நுண்மணலும் சாம்பலும் சிமெண்டும், பருமனில் இரண்டு சதவீத அளவுக்கு மெல்லிய பாலிவினைல் ஆல்கஹால் இழைகளும்தான். சாதாரணக் கான்கிரீட் ஒரே இடத்தில் பிளக்கும் என்றால், இது நூற்றுக்கணக்கான மயிரிழை விரிசல்களாகப் பிரிந்து, நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேலும் நீண்டு கொடுக்கும். நீளும் கம்பிக்கு நீளும் கலவைதான் பொருத்தமான துணை. ஆனால் விலை கான்கிரீட்டைப்போலப் பல மடங்கு. ஆகவே பீம் முழுவதும் போடாமல், கம்பி இருக்கும் அடிப்பகுதிக்கு மட்டும் இந்தக் கலவையை ஓர் அடுக்காக ஊற்றி, மேலே சாதாரணக் கான்கிரீட்டை நிரப்பினோம். இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒரே பீமாக வேலை செய்யும் கூட்டுப் பீம்.

ஷியருக்கு இது உதவுமா என்று எனக்கே தயக்கம் இருந்தது. ஜல்லி இல்லாவிட்டால் ஜல்லிகளின் பிடிப்பும் இல்லையே. சோதனையில் நான் கண்டது, அந்த இடத்தை இழைகள் எடுத்துக்கொண்டதைத்தான். சாய்வு விரிசல் கீழ் அடுக்கைத் தொட்ட இடத்தில் ஒன்றாகப் போகாமல் கிளை கிளையாகப் பிரிந்தது. அடுக்கின் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், வெள்ளைப் பூச்சின்மேல் சிலந்தி வலை பின்னியதுபோலக் கோடுகள் தெரிந்தன. எதன் வாயும் திறந்திருக்கவில்லை. சுமையும் முன்னதைவிடக் கூடுதலாக ஏறியது. ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, பேனாவால் குறிப்பதற்கு நேரம் கிடைத்ததுதான். ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் சுமையை எழுதினேன். பீம் சொல்லிவிட்டு உடைந்தது.

எல்லாப் பீம்களிலும் அப்படி நடக்கவில்லை. கீழ் அடுக்கு ஈரமாக இருக்கும்போதே மேல் அடுக்கை ஊற்ற வேண்டும் என்பது எங்கள் திட்டம். ஒரு நாள் பாதி வேலையில் மின்சாரம் நின்றுவிட்டது. கலவை இயந்திரம் ஓடவில்லை. மூன்று மணிநேரம் கழித்து மின்சாரம் வந்தபோது கீழ் அடுக்கின் மேற்பரப்பு தேய்த்த பலகைபோல இறுகியிருந்தது. கம்பித் தூரிகையால் கீறிவிட்டு ஊற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக்கூடக் கீறல் விழவில்லை. பழைய கான்கிரீட்டின்மேல் புதியது பிடிக்க வேண்டுமென்றால் ஐந்தாறு மில்லிமீட்டர் மேடுபள்ளம் வேண்டும். அந்த பீமைச் சோதித்தபோது சாய்வு விரிசல் மேலிருந்து இறங்கி, இரண்டு அடுக்குகளும் சேரும் கோட்டை அடைந்ததும் திரும்பி, அந்தக் கோட்டோடு கிடைமட்டமாக ஓடித் தாங்கிவரை போய்விட்டது. கீழ் அடுக்கு தனிப் பலகையாகக் கழன்று நின்றது. பீம் வளையும்போது அடுக்குகளுக்கு நடுவே ஒன்றையொன்று வழுக்கித் தள்ளும் விசையும் ஷியர்தான். அதைத் தாங்க ஆள் இல்லையென்றால், செங்குத்தாகத் தாங்குவதற்கு எவ்வளவு நல்ல பொருளை வைத்தும் பயனில்லை. கூட்டுப் பீமின் வலிமையைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் அடுக்கின் உயரமும் இழையின் அளவும் பக்கம் பக்கமாக வருகின்றன. அடுக்குகள் சேரும் அந்தக் கோட்டுக்கு, இரண்டு ஊற்றுகளுக்கும் நடுவே எத்தனை மணிநேரம் போயிற்று என்பதற்கு, அதே அளவு இடம் கொடுக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். நம் ஊர்த் தளங்களில் மின்சாரமும் வேலையாளும் நம் கணக்குப்படி வருவதில்லை.

மூலையில் அறும் ரிங்

நண்பர் தன் கணக்கில் குறையை ரிங்குகளால் ஈடுகட்டியிருந்தார் என்று சொன்னேன். அங்கேதான் இரண்டாவது சிக்கல். இரும்பு ரிங்கை நம் கம்பி கட்டுபவர்கள் தளத்திலேயே பலகையில் ஆணியடித்து, நிமிடத்துக்கு இரண்டு வீதம் வளைத்துப் போடுவார்கள். இழைக் கம்பியை அப்படி வளைக்கவே முடியாது. பிசின் இறுகிய பிறகு அது வளையாது, முறியும். தொழிற்சாலையில் பிசின் இறுகுவதற்கு முன்பே வளைத்துக் கொண்டுவர வேண்டும். அப்படி வளைத்ததிலும் மூலையில் உட்பக்கத்து இழைகள் நசுங்கிச் சுருண்டுவிடுகின்றன. வளைவின் உள் ஆரம் கம்பியின் விட்டத்தைப்போல மூன்று மடங்கு என்றால், 440 ஆம் குழுவின் சூத்திரம் அந்த மூலைக்கு நேர்க்கம்பியின் வலிமையில் 45 சதவீதத்தைத்தான் தருகிறது. என் ஆய்வில் ரிங் வைத்த பீம்களை உடைத்தபோது அறுந்த ரிங்குகள் எல்லாமே மூலையில்தான் அறுந்திருந்தன. ஒன்றை இன்றுவரை வைத்திருக்கிறேன், அறுந்த முனை பழைய துடைப்பத்தின் நுனிபோலப் பிரிந்து நிற்கிறது.

மூலை தாங்கினாலும், விரிசல் அகலமாகத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக ரிங்கில் அனுமதிக்கும் நீட்சியை அதே குழுவின் 2015 வழிகாட்டி நீளத்தில் 0.004 பங்கு என்று கட்டுப்படுத்துகிறது. 50 கிகாபாஸ்கல் கம்பிக்கு அது 200 மெகாபாஸ்கல். நம் விதிப்படி 415 கிரேடு இரும்பு ரிங்குக்கு எடுப்பது ஏறத்தாழ 361. ஆகவே 150 மி.மீ. இடைவெளியில் இரும்பு ரிங் வைத்த இடத்தில், அதே தடிமனுள்ள இழை ரிங்கை 80 மி.மீ. இடைவெளியில் வைத்தால்தான் அதே வேலை நடக்கும். சர்ட்டிபிகேட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் வலிமை இந்தக் கணக்கில் எங்கும் நுழைவதில்லை.

இழைக் கம்பிமேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. உப்புக்காற்றுக்கு அது உண்மையான விடை. என் வீட்டு சன்ஷேடில் அது இருந்திருந்தால் அந்தச் செதில்கள் உதிர்ந்திருக்காது. அதற்கென்று தனி வடிவமைப்பு விதி 2022 இல் அமெரிக்கக் கான்கிரீட் கழகத்திலிருந்து வந்துவிட்டது. கம்பியின் தரத்துக்கு ஐ.எஸ். 18256 என்ற இந்தியத் தர நிர்ணயம் 2023 இல் வந்தது. ஆனால் அந்தத் தர நிர்ணயம் கம்பி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது. பீமை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று சொல்வதன்று. பதினாறுக்குப் பன்னிரண்டு என்று விற்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பரப்பு ஏறத்தாழ பாதியாகி, யங் குணகம் கால் பங்காகி, முடிவில் கம்பியின் விறைப்பு பழையதில் ஏழில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. வாங்குபவரிடம் அந்த ஏழில் ஒன்றை யாரும் சொல்வதில்லை.

மறுநாள் காலையில் நண்பரை அழைத்தேன். பேராசிரியர் என்னிடம் கேட்டதையே, அதே வரிசையில் அவரிடம் கேட்டேன். கிரேடைப் பற்றிய கேள்வி வந்ததும் மறுமுனையில் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. "அப்போ 0.46 ஐ நாலால வகுக்கணுமா?" என்றார். வகுத்தால் 0.115. அட்டவணையின் முதல் வரிசையே 0.15 அல்லது அதற்குக் கீழே என்றுதான் தொடங்குகிறது. அவர் பீம் அந்தக் கடைசி ஒதுக்கத்தில் போய் விழுந்தது. எண் 0.29. இரும்பு தந்திருந்த 0.61 இல் பாதிகூட இல்லை.

பிறகு இருவருமாகக் கணக்கைத் திருப்பிப் போட்டோம். இரும்பு பீமில் கான்கிரீட் தாங்கிய 45 கிலோநியூட்டன் ஷியரை இழைக் கம்பியோடு திரும்பப் பெற வேண்டும் என்றால், 300 மி.மீ. அகலமும் 500 மி.மீ. உயரமும், அடியில் 20 மி.மீ. கம்பி நான்கும் வேண்டியிருந்தது. அப்போது 47 வருகிறது. கான்கிரீட் மட்டும் முன்னதைப்போல 1.7 மடங்கு. "ஓனர்கிட்ட இதை எப்படிச் சொல்றது மேடம்?" என்று கேட்டார். மண்ணின்மேல் நேராக உட்காரும் தரைத்தளப் பலகையில் ஷியர் பெரிதாக வராது, இறக்கிய 12 மி.மீ. கம்பியை அங்கே தாராளமாகப் போடலாம். பீம்களுக்கு இரும்பையே வைத்துக்கொண்டு, கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமனான கவரையும் கான்கிரீட்டின் தரத்தையும் கூட்டுவதா, அல்லது பீமைப் பெரிதாக்குவதா என்பதை உரிமையாளரே முடிவு செய்யட்டும், இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். முடிவு தெரிய இரண்டு வாரம் ஆகும் என்றார். கம்பிக் கட்டுகள் எங்கே கிடக்கின்றன என்று கேட்டேன். வெளியே, மணல்மேடு பக்கத்தில் என்றார். வெயில் பட்டால் மேற்பிசின் கெட்டுப்போகும், இன்றைக்கே தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.